செலஸ்டின் மோத்தாவுக்கு எத்தனையாவது இடம்

இறந்து ஒன்பது வருடமாகியிருந்த செலஸ்டின் மோத்தா, ஆடிக் காற்று உப்பளங்களின் வெள்ளைப் பொடியை அள்ளி ஊருக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சரியாக நான்கு மணிக்கு, ஞானராஜ் பேக்கரியின் மாடிப்படியில் ஏறி வந்து, தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களின் பெஞ்சிலேயே ஒரு நுனியில் உட்கார்ந்தார். பெட்டிக்குள் வைத்தபோது போட்டிருந்த அதே கறுப்புச் சட்டை, முழங்கைவரை மடித்துவிட்ட அதே கைகள், காலருக்கு மேலே அதே மெலிந்த கழுத்து. பெஞ்சில் இருந்த மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஓடுகிற பஸ்ஸில் புதிதாக ஆள் ஏறினால் செய்வதுபோல இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவனான கிளாட்வின் எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரில் குனிந்து, கீழே கடையைப் பார்த்து, இன்னொரு டீ வேண்டும் என்று சொன்னான். யாருக்கு என்று ஞானராஜ் கேட்டார். செலஸ்டின் அண்ணனுக்கு என்றான் கிளாட்வின். சர்க்கரை எவ்வளவு என்று ஞானராஜ் கேட்டார், அது அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு காலத்தில் ‘சாம்பல் புதன்’ என்று ஒரு இசைக்குழு இருந்தது. மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த ஐந்து பேர், கப்பலில் வேலை பார்த்த யாரோ ஒருவர் கொண்டுவந்த ஒலிநாடாவைக் கேட்டு, மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்து, நான்காம் நாள் எழுந்து தங்கள் சட்டைகளையெல்லாம் கறுப்புச் சாயத்தில் முக்கி ஆரம்பித்த குழு அது. கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, கல்லறையைப் பற்றியும் கடலில் போனவர்களைப் பற்றியும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியான குரலில் பாடுவார்கள், முரசு நெஞ்சடிப்புபோல மெதுவாக விழும், அதற்கு மேலே கிட்டார் பனிமூட்டத்துக்குள் அடிக்கிற மணிபோலக் கேட்கும். இந்த மாதிரி இசைக்கு கோத் ராக் என்று பெயர் என்பதே அவர்களுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். அந்த வெயிலில் கறுப்புச் சட்டையோடு இரண்டு மணி நேரம் வாசித்து முடிக்கையில் வியர்வை காய்ந்து ஒவ்வொருவன் முதுகிலும் வெள்ளையாக ஒரு தேசப்படம் படிந்திருக்கும். இருபது வருடத்துக்கும் குறைவாகவே இருந்த அந்தக் குழுவில் நான்கு பேர் கிட்டார் வாசித்தார்கள். முதலில் காஸ்பார் கொரைரா, குழுவைத் தொடங்கியவர், அசுர வேகம், பிறகு மஸ்கட் போய் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்து டெரன்ஸ், பதினோரு வாரம். அதற்கடுத்து எட்டு வருடம் செலஸ்டின் மோத்தா, மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் மெக்கானிக், மஞ்சள் காமாலையில் நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார். கடைசி இரண்டு வருடம் பெர்பெத்துவா என்ற கல்லூரிப் பெண், இப்போது மதுரையில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. அவளோடு குழு கலைந்துவிட்டது.

குழு பயிற்சி செய்த இடம் அந்த பேக்கரி மாடி. குழு கலைந்த பிறகும் அங்கே சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது இந்த மூன்று ரசிகர்கள்தான். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாட்வின், உப்பு லாரி புக்கிங் ஆபீசில் இருக்கும் சங்கரலிங்கம், செல்போன் கடை ரஹ்மத்துல்லா. நான்கு பேரில் யார் சிறந்த கிட்டார் என்பது அவர்களுடைய ஒரே பேச்சு. சங்கரலிங்கத்துக்கு காஸ்பார், ரஹ்மத்துல்லாவுக்கு பெர்பெத்துவா, கிளாட்வினுக்கு செலஸ்டின். டெரன்சுக்காகப் பேச ஆள் இல்லை. மூன்று பேருக்கும் வீட்டில் அதிகம் பேச்சு கிடையாது. சங்கரலிங்கத்தின் மனைவி மகளோடு கோயம்புத்தூரில் இருந்தாள், ரஹ்மத்துல்லா கல்யாணமே செய்துகொள்ளவில்லை, கிளாட்வின் வீட்டில் எல்லோரும் இருந்தும் அவன் சாப்பிடும் நேரத்தில் ஒருவரும் எழுந்து வரமாட்டார்கள். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த சத்தத்தையெல்லாம் அவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் போட்டார்கள். ஒருமுறை சங்கரலிங்கம் கோபத்தில் டீ கிளாஸைத் தூக்கித் தெருவில் எறிந்ததும், அடுத்த வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்ததும் உண்டு.

அப்படிப்பட்ட பேச்சின் நடுவில்தான் செலஸ்டின் வந்து உட்கார்ந்தார். ஆறு மணிக்கு எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், படியிறங்கி, கல்லறைத் தோட்டம் இருக்கிற பக்கம் நடந்து போனார். அவருக்கு வைத்த டீயை ஞானராஜ் எடுக்க வந்தபோது அதன் மேலே பாலாடைக்குப் பதிலாக மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. பேக்டரியில் வேலை பார்த்தவர்தானே என்று சொல்லிக்கொண்டே அவர் கிளாஸைக் கழுவப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். ஊர் அதைத் தன் வழக்கங்களுக்குள் எப்படிப் பொருத்துவது என்று பார்த்தது. கோயிலின் பங்குப் பேரவை கூடி இரண்டு மணி நேரம் பேசி, அவர் கோயிலுக்கு வரவில்லை பேக்கரிக்குத்தான் வருகிறார் என்பதால் இது பேக்கரியின் விஷயம் என்றும், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் அவர் இறந்தவராகவே இருப்பதால், பூசையில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலில் அவர் பெயரைத் தொடர்ந்து வாசிக்கலாம் என்றும் முடிவு செய்தது. ரேஷன் கார்டில் பெயரை மறுபடி சேர்க்கலாமா என்று வார்டு கவுன்சிலர் விசாரித்ததில், சனிக்கிழமைக்கு மட்டும் சேர்க்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. பேக்கரியில் வேலை செய்தவர்கள் அவர் உட்காரும் நுனிக்குக் கீழே பன்னீர் சோடா பாட்டில்களை அடுக்கிவைத்தால் அரை மணியில் பல் கூசும்படி குளிர்ந்துவிடுவதைக் கண்டுபிடித்து, சனிக்கிழமைகளில் பிரிட்ஜை அணைத்துவைத்தார்கள். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை, காலைக் கொஞ்சம் ஒதுக்கி இடம்கூடக் கொடுத்தார்.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதலில் கொண்டுவந்தது ரெஜினாள், மகன் போன படகு திரும்பாமல் நான்கு வருடமாகக் கடற்கரைக்கே போகாமல் இருந்தவள். மேலே ஏறி வந்து, மடித்த தாளை அவர் முன்னால் நீட்டி, என் மகன் ஸ்டான்லியைப் பார்த்தால் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். செலஸ்டின் அதை வாங்கி, இன்னொரு மடிப்பு மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்தபோது பை காலியாக இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை, ஆனால் பை காலியாக இருந்ததே போதும் என்று ரெஜினாள் தெருவெல்லாம் சொன்னாள். அதன் பிறகு படியெல்லாம் கூட்டம். உயிரோடு இருந்தபோது சொல்லாமல் விட்டதை எழுதிக்கொண்டு வந்தவர்கள், எழுதத் தெரியாமல் வெறும் தாளை மடித்துக் கொண்டு வந்தவர்கள், எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்காமலே திரும்பிப் போனவர்கள். ரசிகர்களுக்குப் பேச இடமில்லாமல் போனதால், நான்கு முதல் ஆறு வரை பேச்சுக்கு, ஆறு முதல் ஆறேகால் வரை கடிதத்துக்கு என்று ஞானராஜ் படியில் எழுதி ஒட்டினார்.

ஆனால் பேச்சு என்று ஒன்று அங்கே நடக்கவே இல்லை. ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அதுவும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவனுடைய வாசிப்பில் என்ன குறை என்று யாரால் பேச முடியும்? முதல் வாரம் சங்கரலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, செலஸ்டினின் வாசிப்பிலும் ஒரு அழகு இருந்தது என்றார். இரண்டாம் வாரம் ரஹ்மத்துல்லா, பெர்பெத்துவாவே செலஸ்டினிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள் என்றான். அது உண்மையில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், செலஸ்டினுக்கும் தெரியும். ஐந்தாம் வாரம் ஓட்டெடுப்பு நடத்தி மூன்று ஓட்டும் அவருக்கே போட்டார்கள். கிளாட்வின் சந்தோஷப்பட வேண்டும், இத்தனை வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான், ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். வந்தவர் கேட்க நினைத்தது இதுதான், கேட்டாகிவிட்டது, இனி நிம்மதியாகப் போய்விடுவார் என்று மற்ற இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆறாம் வாரமும் அவர் வந்தார், அதே முகத்தோடு. ஒருவேளை எழுத்தில் வேண்டுமோ என்று பலகையில் எழுதி மாட்டினார்கள். மாலை வாங்கிவந்து போடப் போனபோது தலையைச் சற்றே சாய்த்து விலகிக்கொண்டார்.

விலகிக்கொண்டே போனார் என்பதை ரஹ்மத்துல்லாதான் முதலில் கவனித்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். பெஞ்சு நுனியிலிருந்து தனியாகக் கிடந்த ஸ்டூலுக்கு, ஸ்டூலிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் படிக்கு, அங்கிருந்து வெயிலடிக்கிற மொட்டை மாடியின் ஓரத்துக்கு. அவர்கள் புகழ்ச்சியை உரக்கச் சொன்னார்கள், அவர் இன்னும் தள்ளிப் போனார். பன்னிரண்டாம் வாரம் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு நடந்தும் இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய மனைவி எமரென்சியா பேக்கரிப் பக்கம் வரவில்லை.

அவளுக்குச் செய்தி முதல் நாளே போய்விட்டது. இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர் அறையில் எடை பார்க்கும் வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு ஜோடி காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பிலோமின் ஓடிவந்து சொன்னாள். என்ன சட்டை என்று மட்டும் எமரென்சியா கேட்டாள். கறுப்பு என்று பிலோமின் சொன்னதும் தலையசைத்தாள், அதற்குப் பொத்தான் போட்டுவிட்டது அவள்தான். போய்ப் பார் என்று பிலோமின் வற்புறுத்தினாள். எமரென்சியா காலுறைகளை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“உசுரோட இருக்கையிலயும் சனிக்கிழம அங்கதான் போவாக. இப்பவும் அங்கதான் போயிருக்காக. இதுல நான் எங்க வந்தேன்?”

அப்படிச் சொன்னாலும் அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவள் மூன்றரை மணிக்கே முகம் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். தெருமுனையை அவர் கடந்து போவது தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டார். போகும்போதும் பார்க்க மாட்டார், வரும்போதும் பார்க்க மாட்டார். அவர் இறந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது. இப்போது நாற்பத்தெட்டு. தன்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருந்த மனிதர் ஏழு வயது இளையவராகத் தெருமுனையில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். ஒருநாள் கடையில் தலைச்சாயம் ஒரு பாக்கெட் வாங்கினாள், வீட்டுக்கு வந்து அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்ததையெல்லாம் படித்தாள், பிறகு அலமாரியில் வைத்து மூடிவிட்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. கல்யாணமான பதினொரு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அவர் மேடையில் வாசித்துப் பார்த்ததில்லை. முதல்முறை கூப்பிட்டபோது தலைவலி, இரண்டாம்முறை யாரோ விருந்தாளி, அதற்குப் பிறகு அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார், கூப்பிடாததால் அவள் போகவில்லை.

பதின்மூன்றாம் வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு கிளாட்வின் அவள் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினான். அண்ணன் தள்ளித் தள்ளிப் போவதையும், சுவரில் ஏறியதையும் சொன்னான்.

“அடுத்த வாரம் இன்னும் ஒரு முழம் தள்ளுனா, சுவருக்கு அங்கிட்டுதான் மதினி. அங்கிட்டு ஒண்ணும் கெடையாது.”

அப்படி என்னதான் அவரிடம் சொல்கிறீர்கள் என்று எமரென்சியா கேட்டாள். நல்லதைத்தான் சொல்கிறோம், மூன்று பேரும் முதலிடம் கொடுத்துவிட்டோம் என்றான். உண்மையாகவா என்று அவள் கேட்டாள். கிளாட்வின் கதவின் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, தனக்கு உண்மைதான் என்றும், மற்ற இரண்டு பேருக்கும் அது மரியாதை என்றும் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை எமரென்சியா நரைத்த தலையை அப்படியே வாரி முடிந்துகொண்டு பேக்கரிக்குப் போனாள். அவள் மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததும் கடிதத்தோடு நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவர் கைப்பிடிச் சுவரின் மேல் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காற்று சட்டையைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. அவள் அவரிடம் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. பெஞ்சிலிருந்த மூன்று ஆண்களுக்கும் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, இவர் வருவதற்கு முன்னால் என்ன பேசுவீர்களோ அதைப் பேசுங்கள் என்றாள்.

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் சுவர்ப் பக்கம் பார்க்காமல், கையிலிருந்த கண்ணாடியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“‘கப்பல் போன பிறகு’ன்னு ஒரு பாட்டு உண்டும்மா. கடைசியில எல்லாம் நின்னுபோய், கிட்டார் மட்டும் தனியா இறங்கி வரணும். ஏழு சுரம். ஆறு இறங்குன பொறவு, ஏழாவது கொஞ்சம் தாமதிச்சு விழணும். அதுலதான் அந்தப் பாட்டோட உசுரே இருக்கு. இவரு அந்த இடத்துல பொறுக்க மாட்டாரு. அவசரப்பட்டு முன்னாலயே தொட்டுருவாரு. எட்டு வருசம் வாசிச்சாரு, ஒரு மேடையிலயும் அது சரியா விழல.”

சொல்லிவிட்டு அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். ரஹ்மத்துல்லா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்து, பெர்பெத்துவா அந்த இடத்தைத் தொடவே பயந்து வேறு மாதிரி மாற்றி வாசித்தாள் என்றும், அப்படியும் அது இதைவிட மேல் என்றும் சொன்னான். கிளாட்வினின் காது சிவந்துவிட்டது. மூன்று மாதமாகச் சண்டை போட ஆளில்லாமல் இருந்த அவன், ஒரு சுரத்தை வைத்து எட்டு வருடத்தை எடை போடுவதற்கு இது என்ன உப்பா என்று சங்கரலிங்கத்தைப் பார்த்துக் கத்தினான். சங்கரலிங்கம் பதிலுக்குக் கத்தினார். சுவரின் மேல் இருந்த முதுகு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

எமரென்சியா கையைத் தூக்கினாள். அவர்கள் நிறுத்தினார்கள்.

“நீங்க சொல்லுதது சரிதான்,” என்றாள். “வீட்லயும் அந்த எடத்துல தட்டும். தட்டுனதும் நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பாக. பகல் ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் அதே வேல. எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது, ஆனா அது தட்டப்போவுதுன்னு எனக்கு முன்கூட்டியே தெரியும், பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு தடவ சரியா விழுந்துச்சு. செவ்வாக்கெழம, மத்தியானம் பன்னெண்டு இருக்கும். நான் அடுக்களையில சாள மீன் செதில் உரசிக்கிட்டு இருந்தேன். ஆறு எறங்குச்சு. நின்னுச்சு. நான் கத்திய அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். எம்புட்டு நேரம் நின்னுச்சுன்னு தெரியல. பொறவு விழுந்துச்சு, ஏழாவது. மறுபடி அவுக வாசிக்கல. எந்திரிச்சு வந்து அடுக்கள வாசல்ல நின்னாக. ஒண்ணும் கேக்கல, சும்மா நின்னாக. நான் திரும்பிப் பாக்காம, கேஸ் தீரப்போவுது சிலிண்டருக்குச் சொல்லிருங்கன்னேன். சரின்னுட்டுப் போயிட்டாக.”

அவள் மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“அந்தச் சனிக்கிழம மேடையில மறுபடி தட்டியிருக்கும். எனக்குத் தெரியாது, நான் போகல. ஆனா அன்னைக்கு வீட்ல சரியாத்தான் விழுந்துச்சு. நான் கேட்டேன்.”

செலஸ்டின் ஒரு காலைத் தூக்கி உள்பக்கம் போட்டார், பிறகு அடுத்த காலை. சுவரிலிருந்து இறங்கி நடந்துவந்து, பெஞ்சில் சங்கரலிங்கத்துக்கும் கிளாட்வினுக்கும் நடுவில் இருந்த இடத்தில், இரண்டு பேருடைய தோளும் இடிக்கும்படி உட்கார்ந்தார். அந்தக் குளிரில் இருவருக்கும் பல் கிட்டியது. ஆனாலும் ஒருவரும் நகரவில்லை.

அதன் பிறகு நடந்த விவாதத்தைப்போல அந்த மாடி அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை என்று ஞானராஜ் இப்போதும் சொல்வார். காஸ்பாரின் வேகம் வேகமே இல்லை பதற்றம் என்று கிளாட்வின் சொன்னான். செலஸ்டினுக்கு இடது கை நன்று, வலது கை மெக்கானிக் கை என்று சங்கரலிங்கம் அவருடைய தோளை இடித்துக்கொண்டே சொன்னார். டெரன்சைக்கூட யாரோ ஒருவர், கடிதத்தோடு படியில் நின்றவர், ஒரு பாட்டுக்காகப் புகழ்ந்தார். செலஸ்டின் பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு முழங்காலில் கை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஐந்தே முக்காலுக்கு ஓட்டெடுத்தார்கள். எமரென்சியாவைக் கேட்டதற்கு, மேடையில் கேட்காதவளுக்கு ஓட்டு கிடையாது என்றாள். காஸ்பாருக்கு சங்கரலிங்கத்தின் கை. செலஸ்டினுக்கு கிளாட்வினின் கை. பெர்பெத்துவா என்றபோது ரஹ்மத்துல்லாவின் கையோடு இன்னொரு கையும் உயர்ந்தது, முழங்கைவரை மடித்துவிட்ட கறுப்புச் சட்டைக் கை. அவள் வாசித்த காலத்தில் உயிரோடு இல்லாதவருடைய ஓட்டைச் சேர்க்கலாமா என்று சங்கரலிங்கம் சட்டம் பேசினார், சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. பெர்பெத்துவாவுக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. செலஸ்டின் இரண்டாவதா மூன்றாவதா என்று அடுத்த சண்டை ஆரம்பித்தபோது மணி ஆறாகிவிட்டது.

அவர் கடிதங்களை வாங்கிச் சட்டைப் பை புடைக்க வைத்துக்கொண்டு படியிறங்கினார். எமரென்சியா பத்தடி பின்னால் நடந்தாள். அவர்கள் கல்யாணமான புதிதிலும் அப்படித்தான் நடப்பார்கள், அவர் முன்னால், அவள் பின்னால். வீட்டுக்குத் திரும்பும் தெருமுனை வந்ததும் அவர் முதல்முறையாக நின்றார். அவள் நெருங்கி வந்து, கையெட்டும் தூரத்தில் நின்றாள். குளிர் அறைக் கதவைத் திறந்த மாதிரி அவரிடமிருந்து குளிர் வந்தது, அது அவளுக்குப் பழகிய குளிர்தான். அவர் அவளுடைய நரையைப் பார்த்தார். நெற்றியிலிருந்து கொண்டைவரை மெதுவாக, புதிதாக வந்த ஒரு ஊரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

“வீட்டுக்கு வாரீகளா?” என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பை நிறைய, போய்ச் சேர வேண்டிய தாள்கள். அவள் சரி என்றாள். அவர் கல்லறைத் தோட்டம் இருக்கிற பக்கம் நடந்து போனார், கறுப்புச் சட்டையின் முதுகில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வளைவில் மறையும்வரை அவள் நின்றாள், மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. பெஞ்சுக்குக் கீழே அடுக்கியிருந்த பன்னீர் சோடா ஆறு மணிவரை வெதுவெதுப்பாகவே இருந்தது, ஞானராஜ் பிரிட்ஜை மறுபடி போட்டார். ஸ்டான்லிக்கு இரண்டாவது கடிதம் கொண்டுவந்திருந்த ரெஜினாள் ஆறேகால்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அதைத் திரும்ப எடுத்துப் போனாள். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஊர் அதையும், வந்ததை ஏற்றுக்கொண்ட மாதிரியே ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாள் சனிக்கிழமை என்றால் யாராவது ஒருவர் படியில் நின்று மேலே எட்டிப் பார்ப்பார், பிறகு அதுவும் நின்றுபோனது.

இரண்டு மாதம் கழித்து கிளாட்வின் மறுபடி எமரென்சியாவைத் தேடி வந்தான். பெர்பெத்துவா மதுரையிலிருந்து கிட்டாரோடு வருகிறாள் என்றும், அன்றைக்கு வீட்டில் விழுந்த மாதிரி அந்த ஏழு சுரத்தை மதினி வாயால் முனகிக் காட்டினால் அவள் அதைப் பிடித்து வாசித்துவிடுவாள் என்றும், அண்ணனுடையது சரியாகப் பதிவான ஒலிநாடா உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னான். எவ்வளவு நேரம் நின்று விழுந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும். எமரென்சியா இரண்டு நாள் யோசித்தாள், பிறகு வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

போனாள். மாடியில் பெர்பெத்துவா கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருந்தாள், முகத்தில் மையெல்லாம் இல்லாமல், கண்ணாடி போட்ட, சாதாரண டீச்சர் மாதிரி இருந்தாள். மூன்று ரசிகர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எமரென்சியா கண்ணை மூடினாள். அவளுக்கு அது முழுசாக இருந்தது. ஆறு இறக்கமும், கையில் மீன் கத்தி நின்ற அந்த நேரமும், அதன் முடிவில் விழுந்ததும், எல்லாம் ஒரு துளிகூடச் சிந்தாமல் இருந்தது. வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“முடியாது தம்பி,” என்றாள். “என்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. பெர்பெத்துவா முதலில் புரிந்துகொண்டு கிட்டாரை உறைக்குள் வைத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. எமரென்சியா டீ குடித்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, வீட்டுக்குப் போனாள். கேட்க ஒரே ஆள் இருக்கும்போது வீட்டில் வாசித்ததைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று மூன்று ரசிகர்களும் அன்றைக்குத் தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை.

திங்கட்கிழமை குளிர் அறையில் ஏற்றுமதிப் பெட்டிகள் நிறைய இருந்தன. கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினால்கூடக் கேட்காது. எமரென்சியா தராசின் முன்னால் நின்று, கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு, முனகினாள். ஒவ்வொரு சுரத்துக்கும் அவள் வாயிலிருந்து ஒரு சிறு வெள்ளைப் புகை புறப்பட்டு அந்தக் குளிரில் கரைந்தது. ஆறு. பிறகு நிறுத்தினாள். பெட்டி தூக்க வந்த பெண் அவள் கண்மூடி நிற்பதைப் பார்த்து, ஜெபம் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.